கம்பியைக் கழற்றிவிட்டால் போதுமா?

கொள்விலைப் பட்டியலும் கடன் கொப்பியும் இருக்கும் கம்பியூட்டருக்கு இன்டர்நெட் கொடுக்காமல் வைத்திருக்கும் வியாபாரிகள் நம்மில் பலர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அத்தோடு கவலை தீர்ந்தது என்று நினைக்க முடியாது.

இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் மொர்தெகாய் குரி என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்திருக்கிறார். வெளித்தொடர்பு ஒன்றுமில்லாத கம்பியூட்டரின் திரைக் கேபிளை, 2014இல் அவரது குழு ஒரு குட்டி வானொலி நிலையம் போல இயங்க வைத்தது. ஏழு மீற்றர் தூரம் வரை, எப்.எம். வசதியுள்ள கையடக்கத் தொலைபேசி ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது. செக்கனுக்கு 13 முதல் 60 எழுத்துக்கள் வரை போயின. ஒரு கடவுச்சொல் களவு போக ஒரு செக்கன் போதும். 2016இல் உள்ளே சுழலும் விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, அந்தச் சத்தத்தாலேயே தகவல் அனுப்பிக் காட்டினார்கள். 2017இல் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது மினுங்குமே ஒரு சின்ன விளக்கு, அதை மினுங்க வைத்து, தூரத்தில் நின்ற கமராவால் படித்தார்கள். வெப்பத்தாலும் 2015இல் செய்தார்கள். அதில் ஓர் எழுத்துப் போக ஒரு மணித்தியாலமாவது வேண்டும். அதற்குக் கணக்கப்பிள்ளையிடமே கேட்டுவிடலாம்!

இதெல்லாம் தானாக நடப்பதல்ல. முதலில் ஒரு திருட்டு ப்ரோகிராம் அந்தக் கம்பியூட்டருக்குள் புக வேண்டும். கம்பி இல்லாத இடத்தில் அது ஆளின் கையால்தான் வரும். 2008இல் மத்திய கிழக்கிலிருந்த அமெரிக்க இராணுவத் தளமொன்றில், ஒரு லெப்டொப்பில் செருகிய பென் ட்ரைவ் வழியாகப் புகுந்த ப்ரோகிராம், இரகசியக் கணினி வலையமைப்பு வரை பரவியது. அந்த ஆண்டே பென்டகன் பென் ட்ரைவ்களைத் தடை செய்தது. தடை தளர்ந்தது 2010இல்தான்.

நம் கடை இரகசியத்துக்காக யாரும் விசிறிச் சத்தத்தை ஒட்டுக்கேட்கப் போவதில்லை. பயப்பட வேண்டியது பென் ட்ரைவுக்குத்தான். கணக்குக் கம்பியூட்டருக்கென்று ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள், பையன்கள் பாட்டு ஏற்றும் ட்ரைவ் அதில் படக்கூடாது. போனை அதில் செருகி சார்ஜ் போடுவதையும் நிறுத்துங்கள். போனிலிருக்கும் இன்டர்நெட் அந்த வயர் வழியாகவே உள்ளே போய்விடலாம். பழுது பார்க்கக் கொடுப்பதானால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.