கறுப்பு ஜலத்துச் செல்வங்கள்

ஜலம் என்றால் தெளிவாக இருக்கவேண்டும் என்பது நமது எண்ணம். தெளிந்த ஜலத்தைப் பளிங்குக்கு ஒப்பிடுகிறோம். நிறம் மாறிய ஜலத்தைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறோம். ஆனால், கஷாயம்போல் கறுத்த ஜலத்திலேதான் பிறப்போம், அதிலேதான் வாழ்வோம் என்று விரதம் பூண்ட மீன்களும் உலகத்தில் உண்டு. குழாய் ஜலத்தில் விட்டால் அவை சில நாள் உயிரோடு இருக்கலாம். குடும்பம் நடத்த மாட்டா. இந்த விசித்திரப் பிராணிகளை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் குஞ்சு பொரிக்கச் செய்வது எப்படி என்பதையும், அந்தப் பொழுதுபோக்கில் ஒரு பெரிய பொறுப்பு வந்து சேர்ந்திருப்பதையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கறுப்பின் காரணம்

தென் அமெரிக்காவில் அமேஸான் மகாநதியோடு கலக்கும் ரியோ நீக்ரோ என்னும் நதியின் பெயருக்கே கறுப்பாறு என்று பொருள். 1800-ஆம் ஆண்டில் அதில் பிரயாணம் செய்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட், கறுப்பு ஜலம் ஓடும் இடங்களில் கொசுத்தொல்லை குறைந்திருப்பதைக் கண்டு வியந்தார். மலாய் நாட்டிலும், சுமத்ரா, போர்னியோ தீவுகளிலும் இத்தகைய ஜலம் சதுப்புக் காடுகளில் நிறைந்திருக்கிறது. அங்கே மரங்களிலிருந்து உதிரும் இலையும் சுள்ளியும் ஜலத்தில் மூழ்கி, முழுவதும் மக்காமல், ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் படிந்து, பல அடி ஆழமுள்ள மெத்தையாகிவிட்டன. இதற்குப் பீட் என்று பெயர். இலைகளின் துவர்ப்புச் சத்து ஊறி இறங்குவதால் ஜலம் தேயிலை டிகாக்ஷன் நிறம் பெறுகிறது.

நிறம் மட்டுமா? அந்த ஜலம் புளித்த மோரைப்போல் அமிலத் தன்மை உடையது. சில இடங்களில் மோரையும் மிஞ்சிவிடும். சுண்ணாம்புச் சத்தோ அநேகமாகக் கிடையாது. கிருமிகளும் குறைவு. தலைமுறை தலைமுறையாக இப்படிப்பட்ட ஜலத்திலே வளர்ந்த மீனின் முட்டைக்குக் கிருமிகளை எதிர்க்கும் பழக்கம் இல்லை. சுண்ணாம்பும் கிருமியும் மிகுந்த கிணற்று ஜலத்தில் அது பூசணம் பிடித்து அழிந்துவிடுகிறது.

சுமத்ராவின் சதுப்பில் வாழும் பீடோஸிப்ரிஸ் என்னும் மீனைப்பற்றி 2006-இல் சாஸ்திரிகள் எழுதினார்கள். முட்டையிடும் பருவம் வந்த பெண் மீனின் நீளம் 7.9 மில்லிமீட்டர்தான்! நமது சுண்டுவிரல் நகத்தின்மேல் படுத்து உறங்கலாம்.

அதிமதுரக் குடும்பம்

வீட்டில் வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்வதற்கு இந்தக் கூட்டத்தில் ஏற்றவை லிக்கரிஸ் குராமிகள். லிக்கரிஸ் என்றால் நமது அதிமதுரம். சாஸ்திரப் பெயர் பரோஸ்பிரோமீனஸ். சுமார் இருபது இனங்கள் உண்டு. முதல் இனத்தைப் பிளீக்கர் என்னும் டச்சு வைத்தியர் பங்கா தீவிலிருந்து கிடைத்த மீனைக்கொண்டு 1859-இல் வர்ணித்தார். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வளர்வது அபூர்வம். சாதாரண வேளையில் பழுப்புக் கோடு போட்ட ஏழை மீன். பெண்ணைக் கண்டதும் ஆணின் துடுப்புகளில் சிவப்பும், நீலமும், பச்சையும் ரத்தினப் பதக்கம்போல் ஜொலிக்கும்.

இவற்றுக்குப் பெரிய தொட்டி தேவையில்லை. பதினைந்து அல்லது இருபது லிட்டர் கொள்ளும் தொட்டி ஒரு ஜோடிக்குப் போதும். முக்கியமானது ஜலம். இலையைப் போட்டுவிட்டால் கருநீர் தயார் என்று பலர் எண்ணுகிறார்கள். கடின ஜலத்தில் எத்தனை இலை போட்டாலும் நிறம் வருமே தவிர, சுண்ணாம்பு போகாது. ஆகையால் மழை ஜலமே உத்தமம். தமிழ்நாட்டில் 2003 முதல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது நேயர்களுக்கு நினைவிருக்கும். மாடியின் புழுதியைக் கழுவி வரும் முதல் மழையை விட்டுவிட்டு, பின்னர் வரும் சுத்த ஜலத்தைப் பிடித்து வைக்கலாம். அது இல்லாத மாதங்களில் வடிகட்டும் யந்திரத்தில் உப்பு நீக்கிய ஜலம் உதவும்.

அதில் நாட்டு வாதுமை மரத்தின் உலர்ந்த இலைகளை நாலைந்து போட்டால், இரண்டொரு நாளில் ஜலம் தேன் நிறம் பெறும். மருந்து தெளிக்காத மரமாக இருக்கவேண்டும். தானாக உதிர்ந்த இலையாக இருக்கவேண்டும். ஜலத்தில் வேகமான ஓட்டம் கூடாது. கூசும் வெளிச்சமும் கூடாது. உஷ்ணம் 22 முதல் 26 டிகிரிவரை இருப்பது நலம். நமது சித்திரை வெயிலில் இதுதான் கஷ்டம். வீட்டிலேயே குளிர்ந்த அறையில், தரையோடு தரையாகத் தொட்டியை வைப்பது ஒரு வழி.

பொட்டலத்து உணவை இந்த மீன் அநேகமாகத் தொடாது. உயிருள்ள இரைதான் வேண்டும்: ஆர்டீமியா என்னும் உப்புநீர்ப் பூச்சியின் குஞ்சு, நீர்த்தெள்ளு, சிறு கொசுப்புழு ஆகியவை.

தகப்பனாரின் தாலாட்டு

பிரசவ அறைக்குக் கொட்டாங்கச்சியே போதும். ஒரு விரல் நுழையும் அளவு வாசல் வைத்து, தொட்டியின் அடியில் கவிழ்த்துவிட்டால், ஆண் மீன் அதைத் தன் அரண்மனையாக வரித்துக்கொள்ளும். வாசலில் நின்று துடுப்புகளை விரித்து நடனமாடிப் பெண்ணை அழைக்கும். சம்மதம் கொண்ட பெண், உடம்பின் கோடுகள் மறைந்து வெளிறிப்போகும். குகையின் கூரையில் காற்றுக் குமிழிகளுக்கு நடுவே முட்டைகளை ஒட்டிவைத்த பிறகு, தாயாரின் பொறுப்பு அநேகமாக முடிந்தது. அதன் பிறகு இரவு பகலாகக் காவல் காப்பது தகப்பனாரே. கீழே விழுந்த முட்டையை வாயால் எடுத்து மீண்டும் கூரையில் ஒட்டும் அந்தப் பொறுமையைப் பார்த்தால், குழந்தை அழுதால் பத்திரிகையை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொள்ளும் நமது புருஷர்கள் வெட்கப்படவேண்டியதுதான்.

இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். மேலும் சில நாள் குஞ்சுகள் கூரையிலே தொங்கும். நீந்தத் தொடங்கியதும் அவற்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும், பிறகு ஆர்டீமியாக் குஞ்சும் வேண்டும். மிஞ்சிய உணவு அழுகாதபடி பார்த்துக்கொள்வதே வெற்றியின் ரகசியம்.

விளையாட்டா, கடமையா?

இனி, பொறுப்பு என்று சொன்னதற்கு வருவோம். நம்மவர் பலர் கடல் கடந்து சென்று தோட்டங்களில் வியர்வை சிந்திய ஸிலாங்கூர் மாகாணத்தின் வடபகுதியில் ஒரு பீட் சதுப்புக் காடு இருக்கிறது. ஹார்வியை என்னும் லிக்கரிஸ் குராமி இனத்துக்கு உலகில் அதுதான் வீடு. வேறு சில இனங்களுக்கும் இப்படி ஒரே காடு, ஒரே ஓடைதான் சொத்து. இத்தகைய காடுகளில் வாய்க்கால் வெட்டி ஜலத்தை வடித்துவிட்டு எண்ணெய்ப் பனை பயிரிடுகிறார்கள். வடிந்த பீட் காய்ந்து, தீப்பற்றினால் மாதக்கணக்கில் பூமிக்குள்ளேயே கனன்று எரிகிறது. போர்னியோவில் 10 லக்ஷம் ஹெக்டேரை நெல்வயலாக்குவதாக 1996-இல் தொடங்கிய திட்டத்தில் நெல் விளையவில்லை. 1997-இல் எழுந்த தீயின் புகை அண்டை நாடுகளையும் மூடியது. பாமாயிலை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் தேசம் நமது பாரத தேசம் என்பதையும் மறைப்பதற்கில்லை. நமது வாணலிக்கும் அந்தச் சதுப்புக்கும் சம்பந்தம் உண்டு.

காடு போனால் மீனும் போயிற்று. ஆகவே பல நாடுகளிலுள்ள மீன் பிரியர்கள் ஒன்றுசேர்ந்து, எந்த இனம் எவர் தொட்டியில் இருக்கிறது என்று கணக்கு வைத்து, இனக் கலப்பு நேராமல் வளர்த்து வருகிறார்கள். வீட்டுத் தொட்டி ஒரு சிறு நோவாவின் கப்பலாகிறது.

ஆயினும், எல்லா மீனையும் வீட்டிலே பெருக்குவதுதான் தர்மம் என்று சொல்ல மாட்டோம். ரியோ நீக்ரோவின் கரையிலுள்ள பார்ஸெலோஸ் ஊரில், சிவப்பும் நீலமுமான கார்டினல் டெட்ரா மீனைக் கைவலையால் பிடித்து விற்றுப் பல குடும்பங்கள் பிழைத்து வந்திருக்கின்றன. மீன் வேண்டுமென்றால் காடு வேண்டும். ஆதலால் காட்டை அவர்களே காத்தார்கள். அயல்நாட்டுப் பண்ணைகளில் இந்த மீன் பெருகியதும் அவர்களுடைய வியாபாரம் குன்றியது. கைத்தறிக்காரனுக்கு மில் துணியால் நேர்ந்தது அவர்களுக்கும் நேர்ந்தது என்றால் நமக்குச் சட்டென்று விளங்கும். பிழைப்பு போனவன் கோடரியை எடுத்தால் அவனை நோவதில் பயன் என்ன? அங்கே, காட்டு மீனை நியாய விலைக்கு வாங்குவதே காட்டுக்குச் செய்யும் உதவி. மலாய்ச் சதுப்பின் நிலையோ வேறு. அங்கே காடே போய்க்கொண்டிருப்பதால் தொட்டிதான் தற்காலப் புகலிடம். புகலிடமே வீடாகிவிடாது. வாய்க்கால்களை அடைத்து, பீட் மெத்தையை மறுபடி நனையச் செய்து, காட்டை மீட்டால்தான் அந்த மீன்களுக்கு ஊர் திரும்ப வழி பிறக்கும்.

வளர்க்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். சலித்துப்போன மீனை எந்தக் காரணத்தைக்கொண்டும் ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். தொட்டியின் பாசியைத் தின்பதற்கென்று வாங்கப்பட்ட தென் அமெரிக்கக் கெளுத்தி, நமது நீர்நிலைகளில் புகுந்து சுதேச மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அயல்நாட்டு மீன் கிடைக்காதவர்கள் வருந்தவேண்டாம். லிக்கரிஸ் குராமிக்கு நெருங்கிய உறவு ஒன்று நமது வயல் வாய்க்காலிலேயே இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே ஓடும் அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததைக்கொண்டு, 1831-இல் பிரெஞ்சு சாஸ்திரிகள் அதற்குக் குப்பானஸ் என்று அந்த ஊர்ப் பெயரையே சூட்டினார்கள். அதுவும் குமிழிக் கூடு கட்டும். அதிலும் தகப்பனார்தான் காவல். கருநீர் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காது. வீட்டுக் குழந்தைகள் முதற்பாடம் கற்க அதைவிட நல்ல ஆசான் வேறில்லை.