எல்லாமே நரம்பு அல்ல

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களிடம் உடம்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், ‘நரம்பு’ என்ற சொல் சீக்கிரமே வந்துவிடும். கணுக்கால் மடங்கினால் நரம்பு பிசகிவிட்டது. கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்தால் நரம்பு சுருட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. பாதம் மரத்துப்போனாலும் நரம்புதான்.

இந்த நான்கில் கடைசியாகச் சொன்னது மட்டுமே நரம்பு. முதலாவது, எலும்போடு எலும்பைக் கட்டும் நார். இரண்டாவதும் மூன்றாவதும் அசுத்த ரத்தம் ஓடும் குழாய்கள். பெயர் மாறினால் வைத்தியமும் தடம் மாறுகிறது. சுளுக்கிய காலுக்கு நரம்பு மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் நம் ஊரில் ஏராளம்.

நான்கு வகைத் திசுக்கள்

ஒரே மாதிரி வேலை செய்யும் செல்கள் கூட்டாகச் சேர்ந்ததுதான் திசு. உடம்பின் அத்தனை உறுப்புகளும் நான்கே வகைத் திசுக்களால் ஆனவை. தோலின் மேற்பரப்பாகவும், வாய், குடல் ஆகியவற்றின் உள்பூச்சாகவும் இருப்பது எபிதீலியத் திசு. தாங்கிப் பிடிப்பதும் கட்டி வைப்பதும் இணைப்புத் திசு. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, ரத்தம்கூட இந்தக் குடும்பம்தான். சுருங்கி விரிவது தசைத் திசு. செய்தி கொண்டு போவது நரம்புத் திசு.

காயம் ஆறுவதில் நான்கும் நான்கு விதம். இதைத்தான் நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். குடலின் உள்பூச்சு சில நாட்களிலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மாரடைப்பில் செத்த இதயத் தசையோ திரும்ப முளைப்பதில்லை; அந்த இடத்தைத் தழும்புதான் நிரப்புகிறது.

கிண்டியில் கண்ட முப்புரிக் கயிறு

அந்தத் தழும்பு எதனால் ஆனது? கொலாஜன் என்ற புரதத்தால். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். நார், எலும்பு, குருத்தெலும்பு, தோலின் அடிப்பகுதி எல்லாவற்றுக்கும் இழுவை வலு தருவது இது.

இதன் வடிவத்தைக் கண்டறிந்தது நம் ஊரில்தான். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி.என். ராமச்சந்திரன், அடையாறில் 1948-இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொலாஜன் மாதிரிகளை வாங்கி, எக்ஸ்-கதிர் படமெடுத்து ஆராய்ந்தார். அவரும் உடன் ஆராய்ந்த கோபிநாத் கர்த்தாவும் 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில், மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு இது என்று எழுதினார்கள். அந்த மூன்றும் கயிறுபோல ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறியவை என்று மறு ஆண்டு அதைச் செப்பனிட்டார்கள். தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கம் இன்றும் ‘டிரிபிள் ஹெலிக்ஸ்’ என்ற பெயரோடு நிற்கிறது. அது இருக்கும் சர்தார் படேல் சாலையில் போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்தக் கயிறு சரியாக முறுக்கேற வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், புண் ஆறாது. ஸ்கர்வி நோய் என்பது அதுதான். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இந்த வைட்டமின் தாராளமாக இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிக் கலக்கிக் குடிக்கும் கொலாஜன் பொடி நேராக முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. பருப்பும் முட்டையும் செரிப்பதைப் போலவே வயிற்றில் செரித்துவிடுகிறது.

முழங்காலின் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அதனால்தான் அது தேய்ந்தால் எளிதில் சரியாவதில்லை. தொடைத் தசையை வலுப்படுத்துவதும் எடையைக் குறைப்பதும்தான் அதன் சுமையை இறக்கும். சுளுக்கு விஷயத்திலும் அவசரம் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் பனிக்கட்டி ஒத்தடம், கட்டு, காலை உயர்த்தி வைத்து ஓய்வு. வலிக்க வலிக்க உருவிவிட்டால் கிழிந்த நார் மேலும் கிழியும்.

தி.நகரில் நிற்கும் கால்கள்

ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் புடவை எடுத்துக் காட்டும் பெண்களின் கால்களைப் பார்த்திருக்கிறீர்களா? காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசையின் வேலை. நடந்தால் அது சுருங்கி விரிந்து பம்ப் அடிக்கும். அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கி, குழாய்ச் சுவர் தளர்ந்து புடைக்கும். ‘நரம்பு சுருட்டல்’ என்பது இந்த வெரிகோஸ் வெயின்தான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. கடைக்குப் போகும் நாமும் அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாக நினைக்கக் கூடாது.

மாட வீதியில் வெறுங்காலோடு

பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் உலாவுக்கு வெயிலோடு வெயிலாக வெறுங்காலில் மாட வீதி சுற்றுகிறோம். பல வருட சர்க்கரை நோயாளிகளுக்குப் பாத நரம்புகள் சேதமாகியிருந்தால், தார்ச்சாலை சுடுவதே தெரியாது. கொப்புளம் வந்து, சீழ் வைத்த பிறகுதான் தெரியும். அவர்கள் தினமும் இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

பாத நரம்பு இப்படியென்றால், மூளையின் நரம்புத் திசுவோ ரத்தம் நின்ற சில நிமிடங்களிலேயே சாகத் தொடங்குகிறது. முகம் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

ஆறாத வாய்ப்புண்

ராமச்சந்திரனின் கட்டுரை வந்த அதே 1954-இல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. புற்றுநோய்களில் பெரும்பாலானவை எபிதீலியத் திசுவில்தான் தொடங்குகின்றன. அடிக்கடி புதுப்பித்துக்கொள்ளும் திசு அது. புகையிலையும் பான் மசாலாவும் நேரடியாகப் படுவதும் அதன் மேல்தான்.

சந்தேகமான இடத்திலிருந்து துளி சதையை எடுத்து, ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பயாப்சி. எந்தத் திசு, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அது சொன்ன பிறகே சிகிச்சையை முடிவு செய்ய முடியும். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். பயாப்சியால் பரவுவது மிகமிக அரிது. தள்ளிப்போடுவதால் முற்றுவதுதான் வழக்கமாக நடப்பது.

சாதாரண வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படர்ந்த திட்டு உங்கள் வாயிலோ வீட்டுப் பெரியவர் வாயிலோ இருந்தால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.