கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்ட கரு விஞ்ஞானி

பிள்ளையில்லாத பெண்ணுக்கு நம் நாட்டார் சூட்டியுள்ள பட்டங்கள்தாம் எத்தனை! எதிரே வந்தால் சகுனத்தடை. வளைகாப்பு வீட்டிலே அவளுக்கு மூலை. கருக்குழாய் அடைபட்டதற்கு அவள் என்ன செய்வாள்? அரசமரத்தைச் சுற்றினால் அடைப்பு திறந்துவிடுமா?

திறக்காவிட்டால் போகட்டும், குழாயைத் தாண்டியே போவோம் என்றது விஞ்ஞானம். முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடிக் கலத்திலே விந்தோடு சேர்த்து, உருவான கருவை மெல்லிய குழல் வழியே கருப்பையிலே விடுவது. சொல்வதற்கு எளிது! 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரிலே லூயிஸ் பிரவுன் பிறப்பதற்குள் ஸ்டெப்டோ, எட்வர்ட்ஸ், ஜீன் பர்டி மூவரும் கண்ட தோல்விகள் ஏராளம்.

அதற்கு 70-ஆம் நாள், அக்டோபர் 3-இல், கல்கத்தாவிலே ஒரு பெண் குழந்தை பிறந்தது. செய்தவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. துணை நின்றவர்கள் சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா.

அவர் வழி வேறு. ஓல்டாமிலே ஹார்மோன் ஊசியைக் கைவிட்டு, இயல்பாய் முதிரும் ஒற்றை முட்டையை நம்பினார்கள். முகர்ஜியோ ஊசி போட்டுப் பல முட்டைகளைப் பெற்றார். ஆனால் அதே ஊசி அம்மாதம் கருப்பையின் உட்சுவரைக் குழப்பிவிடுமே! சேறு பதப்படாத வயலில் நாற்று நடுவாருண்டா? எனவே கருவை உறைய வைத்தார். 53 நாட்கள் காத்திருந்து, ஊசி போடாத மாதத்திலே அதைத் தாயின் கருப்பையில் வைத்தார். இன்று உலகமெங்கும் கருவை உறையவைத்துப் பிறகு வைப்பது அன்றாட வேலை. வயிற்றை ஸ்கேன் திரையிலே பார்த்தபடி, பெரும்பாலும் மயக்கமருந்துகூட இல்லாமல், சில நிமிடங்களில் முடிக்கிறார்கள்.

அன்று அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. கருவியலிலே தேர்ந்தவர்களா அதில் அமர்ந்தார்கள்? இல்லை. ஆனாலும் தீர்ப்பு சொன்னார்கள்: நடந்திருக்க முடியாதாம்! ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் 1979-இல் அழைத்தது; போக அனுமதியில்லை. 1981-இல், ஹார்மோன் ஆராய்ச்சியிலே ஊறிய அந்த மனிதரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள்! அதே ஆண்டு ஜூன் 19-இல் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். கோப்பிலே கையெழுத்திட்டவர் எவரும் அதற்குப் பதில் சொன்னதில்லை.

1986 ஆகஸ்டு 6-இல் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று நாடு கொண்டாடியது. அந்தச் சாதனையின் விஞ்ஞானி டி. சி. ஆனந்தகுமார். முகர்ஜியின் கைக்குறிப்புகள் பின்னாளில் அவர் கைக்கு வந்தன. மூடி வைத்திருக்கலாம், கேட்பார் யாருமில்லை. அவரோ வரி வரியாய்ப் படித்தார். முதற்பெருமை முகர்ஜிக்கே உரியது என்று 1997-இல் ஊரறிய அறிவித்தார். முகர்ஜி மறைந்து அப்போது 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.