பல்லைக் குறைத்தால் வேகம் கூடும்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



நம் ஆண்டு மலரில் கவிதை எழுதத் தெரிந்தவர்கள் கவிதை எழுதுகிறார்கள். எனக்கு அது வராது. எனக்குத் தெரிந்தது எங்க வீட்டு வண்டி ஒன்றுதான். அதைப் பற்றியே எழுதிவிட்டேன்.

எங்க வண்டி பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350. இடது பக்கம் சைடு கார் பூட்டியது. அதில் ஆள் உட்கார இடம் கிடையாது. பன், ரொட்டி அடுக்கும் தகரப் பெட்டிதான் இருக்கும். அப்பா விடியற்காலை நாலு மணிக்கு பேக்கரியில் சரக்கு ஏற்றி, திண்டிவனம் ரோட்டில் 30 கி.மீ. வரைக்கும் டீக்கடைகளுக்குப் போடுகிறார். என் ஃபீஸ் அந்தப் பெட்டியில் இருந்துதான் வருகிறது.

போன வருஷம் அதே லைனில் ஒரு மினி வேன் ஓட ஆரம்பித்தது. எங்க வண்டியோ 40-க்கு மேல் போனாலே திணறும். இரண்டு டீக்கடைக்காரர்கள், “அண்ணே, தப்பா நினைக்காதீங்க, முதல் டீக்கு வர்றவங்க பன் கேக்கிறாங்க” என்று சொல்லி சரக்கை நிறுத்திவிட்டார்கள். மெக்கானிக்கிடம் போனோம். “ரீபோர் பண்ணி, பெரிய கார்புரேட்டர் போட்டாத்தான் ஓடும். பன்னிரண்டாயிரம் ஆகும்” என்றார். அப்பா வட்டிக்கு வாங்கக் கிளம்பினார். “ஒரு மாசம் பொறுங்கப்பா, நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்” என்றேன்.

முதலில் நான் செய்த தப்பு

செயின் டிரைவ் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. கியர் பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூடினால் பின் சக்கரம் வேகமாகச் சுற்றும். எங்க வண்டியில் எண்ணிப் பார்த்தேன், 16 பல். உடனே 17 பல் வாங்கிப் போட்டுவிட்டேன். மறுநாள் வண்டி டாப் கியரை இழுக்கவே இல்லை. முன்பு இருந்ததையும் விட மெதுவாகப் போனது. அப்பா திட்டவில்லை. “இது புஸ்தகத்துல இருக்கிறதாடா?” என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. புத்தகம் சரிதான், நான்தான் பாதியைப் படித்திருந்தேன்.

சக்தி எங்கே போகிறது?

எஞ்சினின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. புதிதில் 5625 ஆர்.பி.எம்.மில் 18 குதிரைத்திறன் தரும். முழு மில்லிமீட்டர் ரீபோர் பண்ணினாலும் 356 சி.சி.தான். அதாவது 3 சதவீதம் கூடுகிறது. தேய்ந்து, புகை தள்ளும் எஞ்சினுக்கு ரீபோர் அவசியம். எங்க எஞ்சின் புகை தள்ளவில்லை. அப்புறம் எதற்குப் பன்னிரண்டாயிரம்?

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அதைத் தள்ளத் தேவையான திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறுகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். ஆகவே எஞ்சினைப் பெரிதாக்குவதற்கு முன், அது எதை இழுத்துக்கொண்டு போகிறது என்று பார்க்க வேண்டும்.

சோதனை முறை இதுதான். பழைய 16 பல்லைத் திரும்பப் போட்டோம். ஞாயிறு காலை, ஆள் நடமாட்டம் இல்லாத சமதள ரோடு. இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே அப்பா முழு திராட்டிலில் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து நேரம் பார்த்தேன். காற்றின் பாதிப்பு தெரியாமல் இருக்க, போகவும் வரவும் ஓட்டி சராசரி எடுத்தோம். முதல் கணக்கு: ஒரு கிலோமீட்டருக்கு 72 வினாடி, அதாவது மணிக்கு 50 கி.மீ.

1. சக்கரங்கள்

ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிக் கையால் சுற்றினேன். பின் பிரேக் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே இருந்தது. சைடு கார் டயரில் காற்று 14 பவுண்டுதான் இருந்தது. இரண்டையும் சரி செய்தேன். அடுத்து அலைன்மென்ட். நேரான அலுமினிய சேனல் ஒன்றை வண்டியின் இரு சக்கரங்களை ஒட்டியும், இன்னொன்றை சைடு கார் சக்கரத்தை ஒட்டியும் தரையில் வைத்து, முன்னும் பின்னும் இடைவெளியை அளக்க வேண்டும். முன்பக்கம் கொஞ்சம் குறுகி இருக்க வேண்டும். இதுதான் டோ-இன். இது இல்லாவிட்டால் சைடு கார் வண்டியைத் தன் பக்கமே இழுக்கும். வழக்கமாக 1 முதல் 2 செ.மீ. போதும். எங்க வண்டியில் 140 செ.மீ. நீளத்துக்கு 6 செ.மீ. வித்தியாசம்! கணக்குப் போட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்தச் சக்கரம் சுமார் 43 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. டயர் ஏன் ஆறு மாசத்தில் மொட்டையாகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. 1.5 செ.மீ.க்குக் கொண்டுவந்தோம். வண்டி வலது பக்கம், அதாவது சைடு காருக்கு எதிர்ப்பக்கம், ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்து நிற்பதையும் பார்த்துக்கொண்டோம். இப்போது 66 வினாடி.

2. பெட்டி

ரொட்டிக்கு எடை குறைவு, இடம் அதிகம். அதனால் பெட்டி 80 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம், முன்பக்கம் சுவர் மாதிரி நேராக. இழுவைக் கெழு 1 என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் அந்தப் பெட்டி மட்டுமே சுமார் 2.7 குதிரைத்திறனைத் தின்னும். 30-இல் போனால் அதில் எட்டில் ஒரு பங்குதான். உயரத்தை 65 செ.மீ. ஆக்கி, குறைந்த இடத்தைப் பின்பக்கம் நீட்டினோம். பட்டறையில் கூலி 600 ரூபாய். படபடவென்று அடித்துக்கொண்டிருந்த தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். இப்போது 62 வினாடி.

3. பல்

இனி நான் தப்பு செய்த இடம். எஞ்சின் ஸ்ப்ராக்கெட் 25, கிளட்ச் 56, கியர் பாக்ஸ் 16, பின் சக்கரம் 38. ஆக டாப் கியரில் எஞ்சின் 5.32 சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று. டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். எஞ்சின் 5625-ஐத் தொட வேண்டுமானால் வண்டி 127 கி.மீ. வேகத்தில் போக வேண்டும்! சைடு கார் பூட்டிய வண்டி அந்த வேகத்தை ஜென்மத்திலும் தொடாது. 58-இல் போகும்போது எஞ்சின் வெறும் 2,570 ஆர்.பி.எம்.மில் முக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே அதன் முழுத் திறன் கிடைக்காது. 17 பல் போட்டபோது இன்னும் கீழே தள்ளிவிட்டேன்.

எதிர்காற்றில் அரிசி மூட்டை ஏற்றிய சைக்கிளை நினைத்துப் பாருங்கள். மிதி கனமாக இருந்தால் கால் நகராது. மிதி லேசானால்தான் கால் வேகமாகச் சுற்றும், வண்டியும் போகும். சென்னை புதுப்பேட்டையில் தேடி 14 பல் வாங்கி வந்தேன். விகிதம் 6.08 ஆனது. செயினில் கண்ணி குறைத்து, டாப்பெட், பாயிண்ட் கேப், ஏர் ஃபில்டர் எல்லாம் பார்த்து ஓட்டினோம். 54 வினாடி! மணிக்கு ஏறத்தாழ 67 கி.மீ. எஞ்சின் இப்போது சுமார் 3,400-இல் சுற்றுகிறது. பல் குறைந்தது, வேகம் கூடியது.

வேகத்துக்கு முன் பிரேக்

நண்பர்களே, இதோடு நிறுத்திவிடாதீர்கள். அப்பா இப்போது 55-இல் ஓட்டுகிறார்; முன்பு 40. பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 1.9 மடங்கு ஆகிவிட்டது. ஆகவே இரண்டு பிரேக்குக்கும் புது லைனிங் ஒட்டினோம். சைடு கார் சக்கரத்தில் பிரேக் இல்லை. திடீரென்று பிரேக் அடித்தால் அது முன்னே தள்ளி, வண்டி வலது பக்கம், அதாவது எதிரே லாரி வரும் பக்கம் திரும்பும். இடது வளைவில் வேகமாகத் திரும்பினால் சைடு கார் தூக்கும். சரக்கு இறக்கிய பிறகு காலிப் பெட்டி இன்னும் சுலபமாகத் தூக்கும். அதனால் திரும்பி வரும்போது பெட்டியில் ஒரு மணல் மூட்டை இருக்கும். இன்னொன்று, சைடு கார் பூட்டுவது ஆர்.சி.யில் பதிவாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியதுதான்.

மொத்தச் செலவு, நான் வீணாக்கிய 17 பல்லையும் சேர்த்து, மூவாயிரத்துக்குள். கடன் வாங்கவில்லை. 30 கி.மீ.க்கு முன்பு 45 நிமிஷம், இப்போது 33 நிமிஷம். நின்றுபோன இரண்டு கடைகளில் ஒன்று திரும்ப வந்துவிட்டது. இன்னொன்று வரவில்லை.

அப்பா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. போன வாரம் தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போட்டு, “அந்தப் பல்லுக் கணக்கை எனக்கும் ஒரு தடவை சொல்லுடா” என்றார். சொன்னேன். அவர் கேட்ட சந்தேகம் ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் நம் சாரிடம் கேட்டுத்தான் சொன்னேன்.

நாம் படிக்கும் சூத்திரங்கள் பரீட்சைத் தாளோடு முடிந்து போவதில்லை. உங்க வீட்டிலும் ஒரு வண்டியோ, மோட்டாரோ, தையல் மிஷினோ திணறிக்கொண்டிருக்கும். பணத்தை எடுப்பதற்கு முன் பேனாவை எடுங்கள். கணக்கை மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள். நான் பட்டது போதும்.