மாடியில் சொட்டுநீர்: தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

மாடித்தோட்டத்தில் சொட்டுநீர் போட்ட வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. முதல் வரிசைக் கத்தரி வேரழுகிச் சாகிறது. கடைசி வரிசைத் தக்காளி காலைப் பத்து மணி வெயிலுக்கே தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. ஒரே குழாய், ஒரே மாதிரி டிரிப்பர், திறப்பதும் ஒரே நேரம். உடனே ‘மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்’ என்று கடைக்காரர் மேல் பழி விழும். பெரும்பாலும் அவர் மேல் தப்பே இல்லை.

இந்தச் சாமான்கள் வயலுக்காகப் பிறந்தவை. சிம்கா பிளாஸ் என்ற நீர்ப் பொறியாளரின் வடிவமைப்பைக் கொண்டு இஸ்ரேலின் ஹட்ஸெரிம் கூட்டுப்பண்ணை 1965-இல் நெட்டாஃபிம் நிறுவனத்தைத் தொடங்கியது. அன்று முதல் பம்பு தள்ளும் தண்ணீர்தான் சொட்டுநீரின் கணக்கு. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியத்தில் போட்டுத் தரப்படும் சொட்டுநீரும் பெரும்பாலும் மோட்டாரை நம்பித்தான் ஓடுகிறது. டிரிப்பரில் ‘4 லிட்டர்’ என்று இருந்தால், ஒரு பார் அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் என்று பொருள். ஒரு பார் என்பது ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீரின் அழுத்தம்.

நம் வீட்டுத் தொட்டியோ பல இடங்களில் மாடித் தரையிலேயே, நாலு செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. செடிக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தால் பெரிது. அழுத்தம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், சாதாரண டிரிப்பரில் வரும் நீர் சுமார் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதுகூடப் பரவாயில்லை, கூடுதல் நேரம் திறந்துவைத்தால் தீர்ந்தது. சிக்கல், மேடு பள்ளத்தில்தான். மழைநீர் வடிய மாடித் தளத்தைச் சரிவாகத்தானே போட்டிருப்பார்கள்? வயலில் அரை அடிச் சரிவு ஒரு பொருட்டே அல்ல. ஒரு மீட்டர் அழுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவருக்கு அது பெரிய இழப்பு. இரண்டடி ஸ்டாண்டில் ஏற்றிவைத்த ரோஜாவுக்குப் பாதி அழுத்தம்கூட மிஞ்சாது.

சோதிப்பது சுலபம். முதல் டிரிப்பருக்கு அடியில் ஒரு டம்ளர், கடைசி டிரிப்பருக்கு அடியில் ஒரு டம்ளர், பத்து நிமிடம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு நின்றால் கவலையில்லை. ஒன்று நிரம்பி மற்றது கால் பங்கில் நின்றால், டிரிப்பரை மாற்றிப் பயனில்லை. 16 மில்லிமீட்டர் கறுப்புக் குழாயின் கடைசி முனையை அடைத்துவிடாமல், திருப்பிக் கொண்டுவந்து முதல் முனையோடு வளையமாகச் சேர்த்துவிடலாம். தண்ணீர் இரு பக்கமிருந்தும் போவதால் வித்தியாசம் குறையும். உயரத்தில் நிற்கும் செடித் தொட்டிகளுக்குத் தனி வரிசையும் தனி வால்வும் வையுங்கள். படிக்கட்டு அறையின் கூரை மேல் தண்ணீர்த் தொட்டி உள்ள வீட்டுக்காரர்கள் பாக்கியசாலிகள். ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது.

விலை கூடிய, அழுத்தத்தைச் சமன்செய்யும் டிரிப்பரை மாடிக்கு வாங்க வேண்டாம். அது வேலை செய்யவே குறைந்தபட்ச அழுத்தம் தேவை. டைமரிலும் இதே கதைதான்: சோலனாய்டு வகை பலவற்றுக்கு அழுத்தம் இல்லாவிட்டால் வால்வு சரியாகத் திறக்காது. பால் வால்வைச் சுழற்றித் திறக்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

சென்னைப் புறநகர்களில் போர் தண்ணீரின் உப்பு இன்னொரு தலைவலி. டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். தொட்டிக்குக் கீழே ஒரு ஸ்கிரீன் ஃபில்டர் கட்டாயம். அதை அவ்வப்போது கழுவுவதும் கட்டாயம். பஞ்சகவ்யத்தையும் மீன் அமிலத்தையும் குழாய் வழியே விடாதீர்கள், எவ்வளவு வடிகட்டினாலும் சரி. அவற்றைக் கையால் ஊற்றுவதே மேல். இலையின் அடியில் மாவுப்பூச்சி ஏறியிருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பைக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சொட்டும் தண்ணீர் பக்கவாட்டில் சரியாகப் பரவாது. சொட்டு ஒரே கோடாக இறங்கி அடி ஓட்டை வழியே ஓடிவிடும். கீழே ஈரம் தெரியும், வேர் காய்ந்துகொண்டிருக்கும். அகலமான பைக்கு எதிரெதிரே இரண்டு டிரிப்பர் வைத்து, ஒரேயடியாக விடாமல் காலையும் மாலையுமாகப் பிரித்து விட்டால் இந்தத் தொல்லை குறைவு. மே மாதத்தில் புடலைக்கும் பீர்க்கனுக்கும் இது மிக அவசியம். கீரைத் தொட்டிக்கு மட்டும் சொட்டுநீர் தோதுப்படாது. நெருக்கித் தூவிய விதைக்குப் பூவாளிதான் சரி.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் தைரியத்துக்காகவே பலர் சொட்டுநீர் போடுகிறார்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டைமருக்குப் புது பேட்டரி போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். டைமர் சரியாகத் திறந்தும் செடி காய்ந்துபோன வீடுகள் உண்டு. தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுக்கும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்ல வேண்டியதில்லை, மோட்டார் போடச் சொன்னால் போதும்.