பயத்தை விலைக்கு வாங்கலாமா?

"இன்று விட்டால் நாளை கிடைக்காது" என்று சொல்லிச் சரக்கைத் தள்ளிவிட வரும் மொத்த வியாபாரியை நாம் இலேசில் நம்புவதில்லை. மூட்டையில் ஒரு பிடி அரிசியை அள்ளிப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். அதே வார்த்தை பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கையடக்கத் தொலைபேசியில் வந்தால் மட்டும் கணக்குப் பார்க்காமல் காசைக் கட்டிவிடுகிறோம்.

2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இணையவழி வகுப்புகள் நம் வீடுகளுக்குள் வந்தன. காத்தான்குடியிலும் ஓட்டமாவடியிலும் இருக்கும் பிள்ளைக்குத் தூர இடத்து நல்ல ஆசிரியரின் பாடம் கிடைத்தது. அது நன்மைதான். ஆனால் "உங்கள் பிள்ளை பின்தங்கிவிட்டதா?", "இன்னும் பத்து இடங்களே உண்டு" என்ற விளம்பரங்களும் கூடவே வந்தன. அங்கே விற்கப்படுவது பாடம் அல்ல, பயம்.

இதன் முடிவை இந்தியாவில் பார்க்கலாம். 2011 இல் தொடங்கிய பைஜூஸ் நிறுவனத்தின் மதிப்பு 2022 இல் 2,200 கோடி டொலர் என்றார்கள். 2020 இல் அது வாங்கிய வைட்ஹட் ஜூனியர், சிறு பிள்ளைகளுக்குக் கணினி நிரலாக்கம் கற்பித்தது. வூல்ஃப் குப்தா என்ற சிறுவன் கூகுளில் கோடிக்கணக்கான சம்பளத்தில் சேர்ந்துவிட்டான் என்று விளம்பரம் செய்தது. ஒரு விளம்பரத்தில் ஒரு வயது, மற்றதில் வேறு வயது. கடைசியில் அவன் வெறும் கற்பனைப் பாத்திரம்!

2022 டிசம்பரில், பெற்றோரைத் துரத்தித் துரத்திக் கடனில் மாட்டிவிடுவதாக எழுந்த புகாரில், சிறுவர் உரிமைப் பாதுகாப்புக்கான இந்திய தேசிய ஆணைக்குழு பைஜூஸ் நிறுவனரை விளக்கம் கேட்டு அழைத்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனால் 2024 ஜூலையில் அது வங்குரோத்து நடவடிக்கைக்குள் போய்விட்டது. பயத்தில் கட்டிய வியாபாரம் நிலைக்கவில்லை.

நமது நாட்டில் இந்தப் பயத்துக்கு வாசல் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில். வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளையும் தன் பாடசாலையிலேயே படித்து சாதாரண தரம், உயர்தரம் எழுதலாம். கதவு எதுவும் மூடப்படுவதில்லை. விளம்பரக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

எனவே, காசு கட்டுமுன் சரக்கைப் பாருங்கள். படிப்பிப்பவர் யார்? நமது பாடத்திட்டமா? தமிழ் மொழியிலா? ஒரு வகுப்பை இலவசமாகப் பார்க்கலாமா? இடையில் நின்றால் காசு திரும்புமா? அதற்கு எழுத்தில் சிட்டை உண்டா? "தவணையில் கட்டலாம்" என்றால், அதற்குள் வட்டி ஒளிந்திருக்கிறதா? பட்டப்படிப்பு என்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை அங்கீகரிக்கிறதா?

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் தமிழிலும் இலவசமாக இருக்கின்றன. முதலில் அதைத் திறந்து பிள்ளையுடன் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால், எந்தப் பாடத்தில் குறையோ அதற்கு மட்டும் வகுப்புத் தேடுங்கள்.

கடையில் நட்டம் வந்தால் அடுத்த பெருநாள் வியாபாரத்தில் ஈடுகட்டலாம். "நீ பின்தங்கிவிட்டாய்" என்று நாளும் கேட்டு வளரும் பிள்ளை இழக்கும் தைரியத்தை எந்த வியாபாரத்தில் ஈடுகட்டுவது?