பசி மௌனம் சாதிக்கும் வேளை

"பசித்துப் புசி" என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டிலும் வகுப்பறையிலும் இருப்போர்க்கு இதனினும் சிறந்த உணவு விதி வேறில்லை. ஆயினும் நெடுந்தூரம் ஓடுவோரும், நீந்துவோரும், துவிச்சக்கரவண்டி மிதிப்போரும் இவ்விதியை மட்டுமே நம்பினால் இடர்ப்பட நேரும். இதனை நான் ஏட்டிற் கற்கவில்லை. மதுரங்குளியில் ஒரு சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவிலேயே கற்றேன்.

அன்றைய நெடுந்தூரச் சைக்கிள் போட்டியில் என் மாணவன் ஒருவனும் கலந்துகொண்டான். புத்தளம்–கொழும்பு வீதியில் வெயில் ஏறிய நேரம். அவன் தாயார் கட்டித் தந்த பேரீச்சம்பழத்தையும் பயற்றம் பணியாரத்தையும் வழியில் நின்று நான் நீட்டினேன். "வேண்டாம் சேர், பசியே இல்லை. இனிப்பை நினைத்தாலே குமட்டுகிறது" என்று கூறிப் போய்விட்டான். பசியில்லாதவனை ஏன் வற்புறுத்த வேண்டும் என்று நானும் வாளாவிருந்தேன். முடிவிடத்தை அணுகுமுன் கைகால் நடுங்கி, கண் இருண்டு, வீதியோரத் தென்னையடியில் அவன் அமர்ந்துவிட்டான். சீனி கலந்த தேநீரும் சிறிது உணவும் கொடுத்தபின் தேறினான். எனினும் அவன் அன்று அடைந்த தோல்வியில் என் அறியாமைக்கும் பங்குண்டு.

பசி ஏன் ஒளிகிறது?

உடல் கடுமையாக உழைக்கும்போது குருதி தசைகளுக்கும், வெப்பத்தை வெளியேற்றும் தோலுக்கும் மிகுதியாகப் பாய்கிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் செல்வது குறைகிறது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் ஓமோன் தாழ்கிறது. நிறைவை உணர்த்தும் வேறு ஓமோன்கள் உயர்கின்றன. எனவே பசி மௌனமாகிறது. ஆனால் உடலின் தேவை குறைந்துவிடவில்லை. தசைகளிலும் ஈரலிலும் நாம் சேமித்துள்ள மாச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரையே. இடைவிடாத கடும் உழைப்பில் இரண்டு மூன்று மணி நேரத்தில் அது பெரும்பாலும் தீர்ந்துபோகும். பின்னர் உடலிற் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் பழைய வேகம் நில்லாது, மூளையும் சோரும்.

நாவின் மாற்றம்

ஒரே சுவையைத் திரும்பத் திரும்ப உண்டால் அச்சுவை விரைவிற் சலிக்கும். வேறு சுவை அப்போதும் இனிக்கும். விருந்தில் வயிறு நிறைந்த பின்னும் பாயசத்துக்கு இடமிருப்பது இதனாலன்றோ? நெடுந்தூரப் போட்டியில் நிகழ்வது இதன் மறுதலை. முதல் மணியில் அமுதமான இனிப்புப் பானம், வாய் உலர்ந்து இரைப்பை மந்தமான பின் வெறுப்பாகிறது. அப்பொழுது பலர் உப்புச் சுவையை நாடுவர். வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. ஒரு லீட்டர் வியர்வையில் ஏறத்தாழ 1 கிராம் சோடியம் இருக்கக்கூடும், ஆளுக்கு ஆள் இது வேறுபடும். புத்தளத்து உப்பளங்களில் வெயில் நீரைக் கவர்ந்து உப்பை விட்டுச் செல்வதுபோல, ஓடுபவனின் சட்டையிலும் வெண்கோடுகள் படிவதைக் காணலாம்.

கடலில் நீந்துவோர்க்கோ நிலைமை வேறு. உப்புநீர் பட்டுப் பட்டு நாவும் உதடும் புண்ணாகி வீங்கும். அவர்களுக்கு இனிப்பே ஆறுதல். நம் நாட்டு நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதனை 51 மணி நேரத்தில் நீந்திச் சென்று, மீண்டும் நீந்தித் திரும்பினார். ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது 1984இல் அவ்வீரர் உயிர்நீத்தார். சேமித்த மாச்சத்தை மட்டும் கொண்டு 51 மணி நேரம் நீந்த எவராலும் இயலாது. வேண்டினும் வேண்டாவிடினும் இடையிடையே உண்டேயாக வேண்டும். கால்வாய் நீச்சல் விதிப்படி படகைத் தொடுதலும் ஆகாது. படகிலிருந்து நீட்டப்படும் உணவை நீரில் மிதந்தபடியே உட்கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கன

ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட முயற்சியாயின் பசியை எதிர்பாராது, கடிகாரத்தைப் பார்த்துச் சிறிது சிறிதாக உண்க. மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்துப் போதும். நடுத்தர வாழைப்பழமொன்றில் ஏறத்தாழ 27 கிராம் உண்டு. இனிப்புச் சலிக்குமுன் உப்பிட்ட கஞ்சி, உப்பு பிஸ்கட் என்று சுவையை மாற்றுக. செவ்விளநீர் நன்றே, ஆயினும் அதிற் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. புதிய உணவைப் போட்டியன்று முதன்முதலாக உண்ணற்க, பயிற்சியிலேயே பழகிக்கொள்க.

நீரைப் பொறுத்தவரை தாகமே நல்ல வழிகாட்டி. 2002இல் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, 13 வீதத்தினருக்குச் சோடியம் அளவுக்குக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது மிகையாக நீர் பருகி, நிறை கூடியவர்களே இவ்வாபத்துக்குப் பெரிதும் உள்ளாகினர்.

மறு ஆண்டும் அம்மாணவன் போட்டிக்கு வந்தான். இம்முறை அவன் சட்டைப் பையில் வாழைப்பழமும் உப்பு பிஸ்கட்டும் இருந்தன. அரைமணிக்கு ஒருமுறை சிறிது உண்டான். முதற்பரிசு கிடைக்கவில்லை. ஆனால் முடிவுக்கோட்டைக் கடந்து வந்தவன் தாயாரிடம் முதலிற் கேட்டது, "அம்மா, சோறு இருக்கிறதா?" என்பதே.